அசையாத புள்ளி

நண்பர் ஒருவரின் மகன் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறான். விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது, தேர்வுக்குப் படிப்பதற்காகக் கையோடு கொண்டுவந்திருந்த வரைபடம் ஒன்றை என் முன் விரித்துக் காட்டினான். மலைகள், ஆறுகள், நெடுஞ்சாலைகள், ரயில் பாதைகள் எல்லாம் அதில் இருந்தன. ஆனால் கண்ணை ஈர்த்தவை அவையல்ல. அவற்றுக்கு மேலே, மண்ணோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவைபோல, நீலத்திலும் கருஞ்சிவப்பிலும் வட்டங்களும் அரைவட்டங்களும் பின்னிக் கிடந்தன. சில வட்டங்களுக்குள் ஓர் எண்ணின் கீழ் இன்னோர் எண்: 100, அதன்கீழ் 40. அந்த இடத்தில் நாலாயிரம் அடியிலிருந்து பத்தாயிரம் அடிவரை உள்ள வானத்துக்குள் அனுமதியின்றி நுழையலாகாது என்பது அதன் பொருளாம். நாலாயிரத்துக்குக் கீழே எவரையும் கேட்காமல் பறக்கலாம்.

வான்வெளியின் வகுப்புகளை மனப்பாடமாக ஒப்பித்தான். ஏ, பி, சி, டி, ஈ, ஜி. "எஃப் எங்கேடா?" என்றேன். "அமெரிக்காவுல எஃப் கிடையாது மாமா" என்றான். இந்தக் கோடுகளை யார், எப்போது போட்டார்கள் என்று கேட்டதற்கு, அது பாடத்தில் இல்லை என்று சிரித்தான்.

பாடத்தில் இல்லாததுதான் வரலாறு என்று தோன்றியதால் சில நாட்கள் அதைத் தேடிப் படித்தேன். மாணவர்கள் எழுத்துகளாகவும் எண்களாகவும் உருப்போடும் அந்த வட்டங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கீழே ஒரு விபத்து புதைந்திருக்கிறது. நாள், நேரம், இறந்தவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றோடு புதைந்திருக்கிறது.

முதலில் வானத்தில் கோடுகள் இல்லை. மண்ணுக்கு உரியவனே அதற்கு மேலுள்ள வானத்துக்கும் உரியவன் என்ற பழஞ்சட்டக் கொள்கை மட்டும் இருந்தது. அதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1946-இல் காஸ்பி வழக்கில் முறையாக அடக்கம் செய்தது. வடகரோலினாவில் கோழிப்பண்ணை வைத்திருந்தவரின் நிலத்துக்கு மேலே 83 அடி உயரத்தில் ராணுவ விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. அரண்ட கோழிகள் சுவரில் மோதி மோதிச் செத்தன. நூற்றைம்பது கோழிகள்வரை போயின. அவருக்கு நிவாரணம் கிடைத்தது. ஆனால் வானம் பொதுவழி என்பதும் உறுதியானது. (வானத்தின் உரிமைபற்றிய வழக்கில் கோழிகள் சாட்சியாக அமைந்தது ஒரு சிறுகதைக்கு உரிய விஷயம்.)

பொதுவழி என்றால் எதிரே வருபவனுக்கு விலகவேண்டும். தொடக்ககால விமானிகள் நிலத்தைப் பார்த்தே வழி கண்டார்கள். தண்டவாளத்தை 'இரும்புத் திசைகாட்டி' என்றே அழைத்தார்கள். லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே பயணிகள் விமானங்கள் ஓடத் தொடங்கியபோது, இரு திசையிலிருந்தும் வந்தவர்கள் கீழேயுள்ள அதே சாலையைத்தான் பின்பற்றினார்கள். 1922 ஏப்ரல் 7 அன்று வட பிரான்சின் பிக்கார்டியில் மூடுபனி. கிராய்டனிலிருந்து தபால் ஏற்றி வந்த ஆங்கிலேய விமானமும் பாரிஸிலிருந்து பயணிகளோடு புறப்பட்ட பிரெஞ்சு விமானமும் ஒரே சாலையைத் தேடிக்கொண்டு தாழப் பறந்து நேருக்கு நேர் மோதின. ஏழு பேர் இறந்தார்கள். பயணிகள் விமானங்கள் நடுவானில் மோதிக்கொண்டது உலகில் அதுவே முதல் முறை. வழிகாட்டும் சாலையை வலப்புறமாக ஒட்டிப் பறக்கவேண்டும் என்ற ஒழுங்கு அதன்பின் வலியுறுத்தப்பட்டது. பரந்து விரிந்த வானத்தில் இருவர் மோதிக்கொண்டதற்குக் காரணம் இருவரும் ஒரே வழியறியும் முறையைச் சரியாகக் கடைப்பிடித்ததுதான். இந்த முரண் பின்னாலும் திரும்பத் திரும்ப வருகிறது. வழியறியும் கலை செம்மையாக ஆக, விமானங்கள் ஒரே புள்ளிக்கு மேலும் துல்லியமாக வந்து சேர்கின்றன.

அமெரிக்காவில் இரவில் தபால் விமானங்களுக்கு வழிகாட்ட 1920-களில் சுழல்விளக்குக் கோபுரங்களை ஏறத்தாழப் பத்து மைலுக்கு ஒன்றாக நட்டார்கள். பல கோபுரங்களின் அடியில் கான்கிரீட்டில் பெரிய அம்புக்குறி அமைத்து மஞ்சள் வண்ணம் பூசினார்கள், பகலில் வருபவன் அடுத்த கோபுரம் இருக்கும் திசையை அறிய. அந்த அம்புகளில் சில மேற்குப் பாலைநிலங்களில் இன்றும் கிடக்கின்றன, எதைச் சுட்டுகிறோம் என்று மறந்துபோன விரல்களாக. ஆனால் மேகத்துக்கு விளக்கும் தெரியாது, அம்பும் தெரியாது. எனவே வானொலிக் கற்றைகள் வந்தன.

இந்த ஏற்பாடு தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு எளிதில் விளங்கும். ஒரு நிலையத்திலிருந்து ஒரு பக்கம் மோர்ஸ் குறியீட்டில் 'ஏ' என்ற எழுத்தை ஒலிபரப்புவார்கள். அது குறில், நெடில். அடுத்த பக்கம் 'என்'. அது நெடில், குறில். ஒன்றின் ஒலி மற்றதன் மௌனத்தில் சரியாகப் பொருந்தும்படி காலத்தை அமைத்திருப்பார்கள். இரண்டும் சம அளவில் கேட்கும் நடுக்கோட்டில் விமானம் பறந்தால் குறிலும் நெடிலும் இணைந்து அறுபடாத ஒரே ரீங்காரமாகும். ஒரு பக்கம் விலகினால் ஏ மேலெழும். மறுபக்கம் விலகினால் என். விமானி காதால் வழி கண்டான். மேகத்துக்குள் ரீங்காரத்தைப் பிடித்துக்கொண்டு போகும் அந்த நேர்க்கோடுகளே பின்னர் பத்து மைல் அகலமுள்ள 'வான்வழிகள்' ஆயின. வானத்தில் மனிதன் போட்ட முதல் கோடுகள் என்று இவற்றைச் சொல்லலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த வி.ஓ.ஆர். நிலையம் இன்னும் நயமானது. சீராகச் சுழலும் கலங்கரை விளக்கம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் கற்றை வடக்கைத் தொடும் கணத்தில் மட்டும் எல்லாத் திசைக்கும் ஒரு மின்வெட்டு. அந்த வெட்டைப் பார்த்த நேரத்துக்கும் கற்றை உங்கள் கண்ணில் பட்ட நேரத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தால், விளக்கிலிருந்து எந்தத் திசையில் நிற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். வி.ஓ.ஆர். இதையே இரண்டு வானொலி அலைகளைக்கொண்டு செய்கிறது. ஒரு நிலையம் ஒரு கோட்டைத் தரும். இரண்டாவது நிலையத்தின் கோடு அதை வெட்டும் புள்ளியில் நீங்கள் இருக்கிறீர்கள். இதில் வடக்கு என்பது காந்த வடக்கு. ஓடுபாதை எண்களும் அந்தக் கணக்கில்தான். மீனம்பாக்கத்தின் முதன்மை ஓடுபாதை ஒரு முனையில் 07, மறுமுனையில் 25 என்றால், காந்த வடக்கிலிருந்து ஏறத்தாழ 70 பாகை, 250 பாகை என்று பொருள். காந்த வடக்கு நகர நகர, உலகில் ஆங்காங்கே ஓடுபாதை எண்களை அழித்து எழுதவேண்டியிருக்கிறது.

கோடுகள் வந்தபின் காவலர்கள் வந்தார்கள். 1929-இல் செயின்ட் லூயிஸ் விமானத் திடலில் ஆர்ச்சி லீக் என்பவர் தள்ளுவண்டியில் மடக்கு நாற்காலி, கடற்கரைக் குடை, குறிப்பேடு, மதிய உணவு, தண்ணீர் இவற்றை வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடுதளத்தின் ஓரத்தில் போய் அமர்வார். கட்டம்போட்ட கொடி என்றால் போகலாம். சிவப்புக் கொடி என்றால் நிற்கவேண்டும். அமெரிக்காவின் முதல் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். அடுத்த ஆண்டே கிளீவ்லாந்தில் வானொலி வசதியுள்ள கட்டுப்பாட்டுக் கோபுரம் எழுந்தது. 1935 டிசம்பரில் நியூவார்க்கில் விமான நிறுவனங்களே கூட்டாக ஒரு மையம் அமைத்தன. மேசைமேல் வரைபடம், அதன்மேல் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு சிறு வில்லை, ஒரு கரும்பலகை, தொலைபேசிகள். விமானி தன் நிறுவனத்துக்கு வானொலியில் சொல்வார். நிறுவனம் மையத்துக்குத் தொலைபேசியில் சொல்லும். மையத்தில் ஒருவர் வில்லையை நகர்த்துவார். அடுத்த ஆண்டு அரசு அதை ஏற்றுக்கொண்டது.

இருபது ஆண்டுகள் கழித்தும் நிலைமை அடிப்படையில் பெரிதாக மாறிவிடவில்லை. விமானங்களின் எண்ணிக்கை பெருகியது, வேகம் கூடியது. கட்டுப்பாடோ பத்து மைல் அகல வான்வழிகளுக்குள் மட்டும். அதற்கு வெளியே உயரத்தில் கிடந்த வானமெல்லாம் எவர் பொறுப்புமில்லாத புறம்போக்கு. அங்கே செல்லுபடியான விதி ஒன்றே ஒன்று: பார், விலகு.

1956 ஜூன் 30, சனிக்கிழமை. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து காலை 9.01-க்கு டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானம் கான்சஸ் சிட்டிக்குப் புறப்பட்டது. அரைமணி நேரத் தாமதம். மூன்று நிமிடம் கழித்து யுனைடெட் நிறுவனத்தின் டிசி-7 சிகாகோவுக்குப் புறப்பட்டது. முன்னதற்கு 19,000 அடி, பின்னதற்கு 21,000 அடி. இரண்டுமே வான்வழிகளை விட்டு விலகிக் குறுக்காகச் செல்லும் திட்டம். நேரமும் எரிபொருளும் மிச்சம். அக்காலத்தில் எல்லோரும் செய்ததுதான்.

வழியில் இடிமேகங்கள் எழும்பியிருந்தன. டி.டபிள்யூ.ஏ. விமானி 21,000 அடிக்கு ஏற அனுமதி கேட்டார். கேட்ட முறையைக் கவனிக்கவேண்டும். அவர் தன் நிறுவனத்தின் வானொலி நிலையத்தைக் கேட்க, அது லாஸ் ஏஞ்சலஸ் கட்டுப்பாட்டு மையத்தைக் கேட்க, அது சால்ட் லேக் மையத்தைக் கேட்டது. முடியாது, அங்கே யுனைடெட் இருக்கிறது என்று பதில் வந்தது. அப்படியானால் 'மேகத்துக்கு ஆயிரம் அடி மேலே' செல்ல அனுமதி தாருங்கள் என்றார் விமானி. இது விதிகளில் இருந்த ஒரு வாசல். மேகத்தின் உச்சிக்கு ஆயிரம் அடி மேலே பறந்தால் அங்கே பார்வை தெளிவு. பார்வை தெளிவென்றால் பிறரைப் பார்த்து விலகும் பொறுப்பு விமானியுடையது. அனுமதி கிடைத்தது. யுனைடெட் விமானம் 21,000 அடியில் இருப்பதும் அவருக்குச் சொல்லப்பட்டது. மேகத்துக்கு மேலே ஆயிரம் அடி என்பது அன்றைக்கு அங்கே 21,000 அடியாகவே அமைந்தது. முன்கதவில் மறுக்கப்பட்ட உயரத்துக்கு அவர் பக்கத்துக் கதவு வழியாக வந்து சேர்ந்தார். எந்த விதியும் மீறப்படவில்லை.

பத்து மணிக்குச் சற்று முன்பின்னாக இருவரும் தத்தம் இடத்தை அறிவித்தார்கள். வர்ணப் பாலை எனப்படும் பகுதியில் வி.ஓ.ஆர். கோடு ஒன்றைத் தாங்கள் கடக்கப்போகும் நேரத்தை இருவரும் கணித்துச் சொன்னார்கள். இருவர் சொன்ன நேரமும் 10.31. இருவர் சொன்ன உயரமும் 21,000. சால்ட் லேக்கில் இருந்த கட்டுப்பாட்டாளரிடம் இரண்டு தகவல்களும் வந்து சேர்ந்தன.

அவர் எதுவும் செய்யவில்லை. செய்யவேண்டும் என்று விதி இல்லை. இரண்டு விமானங்களும் இருந்தது கட்டுப்பாடற்ற வான்வெளியில். அங்கே எச்சரிப்பது அவர் கடமையும் அல்ல. அந்தக் கோடோ இருநூறு மைலுக்குக் குறையாத நீளமுள்ளது. ஒரே நேரத்தில் கடப்பவர்கள் ஒரே இடத்தில்தான் கடப்பார்கள் என்பதும் இல்லை. பின்னர் விசாரணை நடந்தபோது வெளியுலகின் கோபம் அவர்மீதுதான் திரும்பியது. விசாரணை அவரைக் குற்றவாளியாக்கவில்லை. கையில் இரண்டு சீட்டுகள், இரண்டிலும் ஒரே எண்கள். அந்த மனிதர் மீதி வாழ்நாளில் அந்த முப்பது நிமிடங்களை எத்தனை முறை மறுபடியும் வாழ்ந்திருப்பார் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்தேன். ஒரு நாவலாசிரியர் இந்தக் கதையை எழுதினால் அவரிடமிருந்துதான் தொடங்கவேண்டும்.

பத்தரை மணி வாக்கில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்கு மேலே டிசி-7-இன் இடது இறக்கை கான்ஸ்டலேஷனின் வாலை வெட்டியது. 10.31-க்கு உருத் தெரியாத ஒரு குரல் மட்டும் வானொலியில் கேட்டது. இரு விமானங்களும் காணவில்லை என்பதே வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது. மாலையில், பள்ளத்தாக்கைச் சுற்றிக்காட்டும் சிறுவிமானத் தொழில் நடத்திய சகோதரர்கள், பகலில் தாம் கண்ட புகையை நினைவுகூர்ந்து போய்ப் பார்த்தார்கள். கொலராடோவும் சிறு கொலராடோவும் கூடுமிடத்தில் அடுத்தடுத்த இரண்டு பாறைக் குன்றுகளில் இரண்டு விமானங்களும் கிடந்தன. 128 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. செங்குத்துப் பாறையில் ஏறி உடல்களை மீட்கச் சுவிட்சர்லாந்திலிருந்து மலைமீட்புக் குழுவினர் வந்தார்கள். அடையாளம் காண முடியாதவர்களில் ஒரு விமானத்தவர் ஃபிளாக்ஸ்டாஃப் நகரின் கல்லறையிலும், மற்ற விமானத்தவர் பள்ளத்தாக்கின் விளிம்பிலுள்ள கல்லறையிலும் அடக்கமானார்கள்.

விசாரணைக் குழு தந்த முடிவு மிகச் சுருக்கம்: விமானிகள் ஒருவரையொருவர் உரிய நேரத்தில் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்பதற்கு உறுதியான விடை கிடைக்கவில்லை. இடையில் மேகம் இருந்திருக்கலாம், விமானி அறையின் சட்டங்கள் மறைத்திருக்கலாம், பயணிகளுக்குப் பள்ளத்தாக்கின் அழகைக் காட்டுவதில் கவனம் போயிருக்கலாம், மனிதக் கண்ணின் எல்லையாகவே இருக்கலாம் என்று அடுக்கினார்கள்.

இந்தக் கடைசிக் காரணம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. 'பார், விலகு' என்ற விதி எளிய பொதுப்புத்தி. சாலையில் நாம் செய்வதும் அதுதான். வானத்தில் அது ஏன் தவறியது? நேர்க்கோட்டில், மாறாத வேகத்தில் செல்லும் இரண்டு பொருட்கள் மோதும் பாதையில் இருந்தால், ஒன்றிலிருந்து பார்க்கும்போது மற்றது நகர்வதில்லை. சன்னல் கண்ணாடியில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். முன்னோ பின்னோ நகரும் புள்ளி நம்மைத் தாண்டிப் போய்விடும், அதனால் ஆபத்தில்லை. அசையாத புள்ளிதான் வந்து மோதும். மனிதக் கண்ணோ அசைவைக் கண்டுபிடிக்கப் பழகியது. புலி வரும்போது புதர் அசையும். அசையாததைப் புறக்கணிப்பது அதன் இயல்பு. அது பெரிதாகுமே என்றால், ஆகும், மிகத் தாமதமாக. மோதலுக்கு நாற்பது விநாடிக்கு முன் இருந்த தோற்ற அளவு இருபதில் இரட்டிப்பாகும், பத்தில் மறுபடி, ஐந்தில் மறுபடி. வெகுநேரம் கண்ணாடியில் ஒட்டிய தூசியாக இருப்பது, இறுதி ஐந்து விநாடிகளில் திடீரென்று மலர்ந்து விமானமாகிறது. அன்று இரு பாதைகளும் ஏறத்தாழ இருபத்தைந்து பாகைக் கோணத்தில் ஒன்றையொன்று நெருங்கின. 

அந்த நாளோடு வானம் திறந்தவெளியாக இருந்த காலம் முடிந்தது என்றே சொல்லவேண்டும். 1958-இன் ஏப்ரலிலும் மே மாதத்திலும் பயணிகள் விமானங்கள் ராணுவ ஜெட்டுகளோடு மோதிய இரண்டு விபத்துகள் மிச்சமிருந்த தயக்கத்தையும் போக்கின. அவ்வாண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் மொத்த வான்வெளியையும் ஒரே குடிமை அமைப்பின் பொறுப்பில் வைக்கும் சட்டம் வந்தது. மோதல் நடந்த இடம் 2014-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. நிலத்தைவிட வானத்துக்காக வைத்த சின்னம் அது.

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 1960 டிசம்பர் 16 அன்று நியூயார்க்கில், மேகத்துக்குள், கட்டுப்பாட்டாளர்களின் கண்காணிப்பில் மீண்டும் ஒரு மோதல். மீண்டும் ஒரு யுனைடெட் விமானம், மீண்டும் ஒரு டி.டபிள்யூ.ஏ. சூப்பர் கான்ஸ்டலேஷன். புனைகதையில் எழுதினால் ஆசிரியர் திருத்தச் சொல்லியிருப்பார். இம்முறை யுனைடெட் விமானம் ஜெட். அதன் இரண்டு வி.ஓ.ஆர். கருவிகளில் ஒன்று பழுது. இரண்டு கோடுகள் வெட்டும் புள்ளியில் வட்டமிட்டுக் காத்திருக்கவேண்டிய விமானம், புள்ளியைத் தாண்டி ஏறத்தாழப் பதினொரு மைல் போய்விட்டது. கருவி பழுது என்பதைக் கட்டுப்பாட்டாளரிடம் சொல்லவில்லை. 134 பேர் இறந்தார்கள், அவர்களில் ஆறு பேர் புரூக்ளின் தெருவில் இருந்தவர்கள். விமான நிலையத்தை நெருங்கும் விமானங்களுக்கு வேக வரம்பு வந்தது இதன் பிறகுதான். இரண்டு நிலையங்களின் கோடுகள் வெட்டும் இடத்தைக் கண்டுபிடிக்கும் பயிற்சிக் கணக்கை அந்தப் பையன் பென்சிலும் அளவுகோலும் வைத்து ஒரு நிமிடத்தில் போட்டுக் காட்டினான். ஒரு கருவியோடு அதைச் செய்வது எப்படி என்பதும் அவன் பாடத்தில் இருக்கிறது.

இனி அவனுடைய எழுத்துகளுக்கு வரலாம். 1993 செப்டம்பரில்தான் அமெரிக்கா உலகப் பொதுவான இந்த எழுத்து வரிசைக்கு மாறியது. பெயர் புதிது, பொருள் பழையது. ஏ என்பது 18,000 அடிக்கு மேலுள்ள வானம். அங்கே எவரும் கண்ணை நம்பிப் பறக்க முடியாது. ஒவ்வொரு விமானமும் அனுமதியோடு, கருவிகளோடு, கட்டுப்பாட்டில். கிராண்ட் கேன்யனில் மோதிய இரண்டும் இன்று பறந்தால் இதற்குள்தான் இருக்கும். ஜி என்பது மிச்சமிருக்கும் பழைய வானம், தரையை ஒட்டிய கட்டுப்பாடற்ற மெல்லிய படலம். டி, கோபுரமுள்ள சிறு விமான நிலையத்தைச் சுற்றிய உருளை. ஆர்ச்சி லீக்கின் குடை கொஞ்சம் வளர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். சி இன்னும் சற்றுப் பெரியது. ஈ ஒரு சமரசம்: கருவிகளை நம்பிப் பறப்பவருக்கு அது கட்டுப்பாட்டு வானம், கண்ணை நம்பிப் பறப்பவர் எவரோடும் பேசாமல் போகலாம். ஆனால் அங்கும் மேகத்திலிருந்து ஐந்நூறு அடி கீழே, ஆயிரம் அடி மேலே, பக்கவாட்டில் இரண்டாயிரம் அடி விலகி நிற்கவேண்டும் என்று பத்தாயிரம் அடிக்குக் கீழ் கணக்கு உண்டு. மாணவர்களுக்கு இது வெறும் மனப்பாடம். மேகத்திலிருந்து திடீரென்று வெளிப்படும் விமானத்தைப் பார்த்து விலகச் சில விநாடிகளாவது கிடைக்கவேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

பி வகுப்பு மிகப் பரபரப்பான நகரங்களுக்கு. தலைகீழாகக் கவிழ்த்த கோபுரம்போல அடுக்கடுக்காக இருக்கும். ஓடுபாதையருகே தரையைத் தொடும். தொலைவு போகப் போக அதன் அடித்தளம் உயர்ந்துகொண்டே போகும். ஏனெனில் இறங்கும் பெரிய விமானம் தொலைவில் உயரத்தில் இருக்கும், அருகில்தான் தாழும். விரிந்த அடுக்குகளின் நிழலில் சிறுவிமானங்கள் தம் விருப்பம்போல் பறந்துகொள்ளலாம். சி, டி வகுப்புகளில் கட்டுப்பாட்டாளர் உங்கள் விமானத்தின் அழைப்புப் பெயரைச் சொல்லிப் பதிலளித்துவிட்டாலே நுழையலாம். பி-யில் அது போதாது. 'நுழையலாம்' என்ற அனுமதியைத் தெளிவாகக் காதால் கேட்கவேண்டும்.

அந்தக் கண்டிப்புக்குப் பின்னாலும் இரண்டு நாட்கள் இருக்கின்றன. 1978 செப்டம்பர் 25 அன்று சான் டியாகோவில், கருவிப் பயிற்சியில் இருந்த ஒரு செஸ்னா சிறுவிமானத்தின்மீது இறங்கிக்கொண்டிருந்த பயணிகள் ஜெட் மேலிருந்து மோதியது. செஸ்னாவைப் பற்றி ஜெட் விமானிகளுக்குச் சொல்லியிருந்தார்கள். அவர்களும் பார்த்தார்கள், பிறகு தவறவிட்டார்கள். அது கடந்து போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டார்கள். 144 பேர் இறந்தார்கள். 1986 ஆகஸ்ட் 31 அன்று லாஸ் ஏஞ்சலஸ் அருகே செரிட்டோஸில், இன்று பி வகுப்பு எனப்படும் எல்லைக்குள் அனுமதியின்றி வழிதவறி நுழைந்த பைப்பர் சிறுவிமானத்தோடு மெக்சிகோ விமானம் ஒன்று மோதியது. தரையில் இருந்த பதினைந்து பேரோடு சேர்த்து 82 பேர். தன் உயரத்தையும் சேர்த்து அறிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் கருவி பெருநகரங்களைச் சுற்றி முப்பது மைலுக்குள் கட்டாயமானதும், பெரிய விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமானதும் இதன் பிறகு. கண்ணால் முடியாததைக் கருவி பார்க்கட்டும் என்று ஒருவழியாக ஒப்புக்கொண்டார்கள். முப்பது ஆண்டு ஆயிற்று. (அதே 1986 ஜூனில் கிராண்ட் கேன்யனிலேயே சுற்றுலா விமானமும் ஹெலிகாப்டரும் மோதி 25 பேர் இறந்தார்கள். பள்ளத்தாக்கின் மேல் இன்றுள்ள தனி விதிகள் அதிலிருந்து வந்தவை.)

நம் நாட்டுக்கு அந்த ஒப்புதல் வர இன்னும் பத்தாண்டு ஆயிற்று. 1996 நவம்பர் 12 மாலை. டெல்லியைச் சுற்றியுள்ள வானத்தில் பெரும்பகுதி விமானப் படையிடம் இருந்தது. எஞ்சிய ஒரே குறுகிய பாதையில்தான் வரும் விமானங்களும் போகும் விமானங்களும் எதிரெதிராகச் சென்றன. பிக்கார்டிச் சாலையேதான். இடையில் ஆயிரம் அடி உயரம் ஒன்றே தடுப்பு. கட்டுப்பாட்டாளரிடம் இருந்த ரேடாரில் விமானங்கள் புள்ளிகளாகத் தெரியும், உயரம் தெரியாது. இறங்கிவந்த கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி. ஏறிச்சென்ற சவூதி விமானத்துக்கு 14,000. எதிரே விமானம் வருவதைக் கட்டுப்பாட்டாளர் சொன்னார். கஜக் விமானம் தனக்கு ஒதுக்கிய உயரத்தில் நிற்காமல் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே, மேகத்தில், 349 பேர். உலகில் நடுவானில் நிகழ்ந்த மோதல்களில் இத்தனை பேரைக் கொண்டுபோனது வேறொன்று இல்லை. சவூதி விமானத்தில் இருந்தவர்களில் பலர் வளைகுடாவில் பிழைக்கப் போன நம் நாட்டுத் தொழிலாளர்கள். நீதிபதி லகோட்டி தலைமையில் விசாரணை நடந்தது. வரவுக்கும் போக்குக்கும் தனித்தனிப் பாதை, உயரம் காட்டும் ரேடார், விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவி எல்லாம் அதன்பின் வந்தன. 1956-க்குப் பிறகு அமெரிக்கர் கற்றதும் 1986-க்குப் பிறகு கற்றதும் அச்சிட்ட அறிக்கைகளாக உலகெங்கும் கிடைத்துக்கொண்டுதான் இருந்தன. பிறர் மரணத்திலிருந்து விதி எழுதுவது ஏனோ எந்த அரசாங்கத்துக்கும் எளிதாக இருப்பதில்லை.

இவற்றையெல்லாம் படித்து முடித்தபின், அந்தப் பையன் திரும்பிப் போவதற்கு முன் மறுபடி வந்தான். ஜி வகுப்பில் எப்படிப் பறப்பாய் என்று கேட்டேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து செய்து காட்டினான். தலையை இடமிருந்து வலமாக ஒரே வீச்சில் திருப்பக்கூடாதாம். ஓடும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. பத்துப் பாகை திருப்பி, நிறுத்தி, ஓரிரு விநாடி பார்த்து, மறுபடி பத்துப் பாகை. "நகர்ற புள்ளியப் பத்திக் கவலப்படாத, நிக்கிறதத் தேடுன்னு சொல்லிக் குடுத்திருக்காங்க மாமா" என்றான். கிராண்ட் கேன்யன் விபத்தை அவன் கேள்விப்பட்டிருந்தான். ஆண்டு தெரியவில்லை.

வரைபடத்தை எனக்கே வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டான். அதன் ஆயுள் 56 நாட்கள்தானாம். அது என்றோ முடிந்துவிட்டது. போனதும் புதிய பதிப்பு வாங்கவேண்டும், சில கோடுகள் மாறியிருக்கும் என்றான்.